சின்ன முற்றத்தில் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளுக்கு இயற்கைவழிக் கல்வி: எப்படித் தொடங்குவது, எதில் கவனம் வேண்டும்

கேட்கப்பட்ட கேள்வி இது: சிறு நகரம் ஒன்றில் மழலையர் பள்ளி. 3 முதல் 5 வயது வரை 18 பிள்ளைகள், ஓர் ஆசிரியர், ஓர் ஆயா. பின்பக்கம் 30-க்கு 40 அடி முற்றம். அதில் ஒரு வேம்பு, ஒரு முருங்கை, ஒரு குழாய். மாதம் ஒருமுறை பிள்ளைகளைப் பூங்காவுக்கு அழைத்துப் போகிறார்கள். இது போதுமா? என்னென்ன வாங்க வேண்டும்? உடம்பெல்லாம் மண்ணாகிறது என்று குறைபட்டுக்கொண்டே "எழுத்து எப்போ சொல்லித் தருவீங்க" என்று கேட்கும் பெற்றோருக்கு என்ன பதில் சொல்வது?

பூங்காவுக்குப் போவது நல்லதுதான். ஆனால் அதை இந்தக் கல்வியின் கணக்கில் சேர்க்க முடியாது. இந்த வயதுப் பிள்ளை ஓர் இடத்திலிருந்து எதையாவது கற்றுக்கொள்வது, அங்கே மறுபடி மறுபடி வருவதால்தான். நேற்று நோண்டிய குழி மழைக்குப் பிறகு என்ன ஆனது, நேற்று மொட்டாக இருந்தது இன்று எப்படி இருக்கிறது, எறும்பு வரிசை ஏன் இடம் மாறியது என்று நேற்றையும் இன்றையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் யோசனையும் பேச்சும் கிளம்புகின்றன. புது இடத்துக்குப் போனால் பயம் தெளிவதற்கும் எல்லை எது என்று புரிவதற்குமே பாதி நேரம் போய்விடும். அதனால் உங்கள் முற்றம் தாராளமாகப் போதும். தினமும் அதே இடம், இடையில் நிறுத்தாமல் ஒன்றரை மணி நேரம். முதலில் இதை நேர அட்டவணையில் உறுதி செய்துகொள்ளுங்கள். வாங்க வேண்டிய சாமான் பற்றியெல்லாம் பிறகு யோசிக்கலாம்.

ஒன்றரை மணி நேரம் ஏன் என்றால், வெளியே விட்டவுடன் 15, 20 நிமிடம் பிள்ளைகள் ஓடுவார்கள், ஒருவர் கையில் இருப்பதை இன்னொருவர் பிடுங்குவார்கள், "மிஸ், இவன் தள்றான்" என்று வந்து நிற்பார்கள். இது அடங்கிய பிறகுதான் இரண்டு பேர் உட்கார்ந்து வாய்க்கால் வெட்ட ஆரம்பிப்பார்கள், ஒருத்தி வேப்பங்கொட்டை பொறுக்கத் தொடங்குவாள். அரை மணி நேர பீரியடாக வைத்தால் சரியாக அந்த இடத்தில் மணி அடித்து உள்ளே கூப்பிட்டுவிடுகிறோம். "வெளியே விட்டால் சண்டைதான், கற்றல் ஒன்றும் நடப்பதில்லை" என்று சொல்லும் பள்ளிகளில் பெரும்பாலும் இதுதான் காரணம்.

வேளை காலை 8:45 முதல் 10:15 வரை சரியாக இருக்கும். ஏப்ரலில் அரை மணி முன்னதாகத் தொடங்கி 9:30-க்கெல்லாம் நிழலுக்கு வந்துவிட வேண்டும். டென்மார்க்கில் 1950-களில் எல்லா ஃபிளாட்டாவ் என்ற பெண்மணி தொடங்கிய காட்டு மழலையர் பள்ளியையும், அதன் வழியில் ஜெர்மனியில் பரவியவற்றையும் படங்களில் பார்த்துவிட்டு, நாள் முழுவதும் வெளியிலேயே நடத்த ஆசைப்படுபவர்கள் உண்டு. அந்த நாட்டுக்காரர்களுக்கு எதிரி குளிர்; உடுப்பைக் கூட்டிக்கொண்டு சமாளிக்கிறார்கள். நமக்கு எதிரி வெயில். அதற்கு உடுப்பில் வழியில்லை, நேரத்தை மாற்றுவதும் நிழலும்தான் வழி. 1840-ல் கிண்டர்கார்ட்டன் என்று பெயர் வைத்த ஃப்ரெடரிக் ஃப்ரோபெல், ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமாக ஒரு சிறு பாத்தியும் எல்லோருக்கும் பொதுவான பாத்தியும் வைத்த தோட்டத்தைப் பள்ளியின் அங்கமாகவே கருதினார். உங்கள் இடத்துக்கு அந்த யோசனைதான் பொருந்தும், காடு தேவையில்லை.

முற்றத்தைத் தயார் செய்தல்

முதல் செலவு மணல்தொட்டி. 18 பிள்ளைகள் மாறி மாறி வர 8-க்கு 8 அடி போதும். வேம்பின் நிழல் காலை ஒன்பது மணிக்கு எங்கே விழுகிறது என்று இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு அங்கே அமையுங்கள். ஒன்றரை அடி ஆழம் தோண்டி, அடியில் 3 அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லி, அதன்மேல் பச்சை நிழல்வலையை இரண்டு மடிப்பாக விரித்து, அதற்கு மேல் 15 அங்குலம் மணல். ஜல்லி இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் வடியாமல் நின்று இரண்டு வாரத்தில் நாற்றம் எடுக்கும். வலை இல்லாவிட்டால் பிள்ளைகள் தோண்டும்போது ஜல்லி மேலே வந்துவிடும். மணல் கணக்கு 80 கன அடி. 100 கன அடி ஒரு யூனிட் என்றால் முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் கூட. சுற்றிலும் அரை அடி உயரத்துக்குத் தென்னைமரத் துண்டுகளைப் படுக்க வைத்தால் மணல் வெளியே சிதறாது, பிள்ளைகள் உட்காரவும் ஆகும்.

எம்-சாண்ட் போடாதீர்கள். உடைத்த கல் என்பதால் துகள் கூராக இருக்கும். கூடவே மாவு போன்ற கல்தூசி வரும், அது மூச்சில் போகக் கூடாதது. ஆற்று மணலையும் ஒருமுறை சலித்துவிட்டே கொட்டுங்கள். ஆணி, கண்ணாடி, சிப்பித் துண்டுகள் இருக்கும். தினமும் காலையில் பூவாளியால் ஒரு பாதியை நனைத்துவிடுங்கள். காய்ந்த மணல் கையில் நிற்காமல் வழியும், ஈர மணலில் வீடு கட்டலாம். இரண்டும் அருகருகே இருந்தால் பிள்ளைகளே வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பார்கள். சாயங்காலம் தார்ப்பாய் அல்லது வலை போட்டு மூடியே ஆக வேண்டும். பூனைக்கு மணல் கண்டால் கழிப்பிடம்தான். ஒருநாள் மூட மறந்து பூனை அசிங்கம் செய்திருந்தால் சுற்றி ஓரடி மணலோடு சேர்த்து அள்ளி எறியுங்கள். வாரம் ஒருமுறை மண்வெட்டியால் கிளறி வெயில் படவிடுங்கள்.

மணலும் சேறும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. சேற்றுக்குக் குழாயடியில் தனி இடம். குயவர்களிடம் களிமண் கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் குளத்து வண்டல். 20 கிலோ வாங்கி முதல் நாள் இரவே ஊறவைத்துப் பிசைந்து, ஈரச் சாக்கில் சுற்றி மூடியுள்ள வாளியில் வைத்தால் வாரக்கணக்கில் வரும்.

சாமான்கள் என்று பிளாஸ்டிக் பொம்மை செட் வாங்குவது வீண். பழைய அலுமினியப் பாத்திரம், அகப்பை, சல்லடை, முறம், கொட்டாங்குச்சி, தேங்காய் நார், குரும்பை, மாங்கொட்டை, ஓரடி நீளத்துக்கு வெட்டிய தென்னை மட்டை இவை போதும். எதுவாக ஆக்கினாலும் ஆகும் பொருள்கள் இவை. பொம்மை கார் காராக மட்டுமே இருக்கும். பனை மட்டையானால் இரண்டு ஓரத்துக் கருக்கையும் சீவி எடுக்காமல் கொடுக்காதீர்கள், கையைக் கிழித்துவிடும். கொட்டாங்குச்சி விளிம்பைத் தரையில் தேய்த்து மழுக்குங்கள். எண்ணிக்கையும் முக்கியம்: ஒரே ஒரு பெரிய அகப்பை இருந்தால் சண்டை நிச்சயம். ஒரே மாதிரி ஆறு அகப்பை, முப்பது கொட்டாங்குச்சி என்று வையுங்கள்.

தண்ணீருக்கு அகலமான அன்னக்கூடை இரண்டு, ஒவ்வொன்றிலும் நாலு விரற்கடை தண்ணீர். இவ்வளவு குறைந்த நீரிலும் சிறு குழந்தை முகம் குப்புற விழுந்தால் உயிருக்கு ஆபத்து. அதனால் தண்ணீர் இருக்கும் வரை ஒரு பெரியவர் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. நேரம் முடிந்ததும் செடிகளுக்கு ஊற்றிவிட்டுக் கூடையைக் கவிழ்த்து வையுங்கள். கொட்டாங்குச்சிகளையும் கவிழ்த்தே அடுக்குங்கள். டெங்கு பரப்பும் கொசுவுக்கு அதில் தேங்கும் மழைநீரே போதும், முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள்தான் ஆகும். சம்ப் மூடிக்குப் பூட்டு இல்லையென்றால் எல்லாவற்றுக்கும் முன்னால் அதைப் போடுங்கள்.

களைய வேண்டிய செடிகள், காலைச் சோதனை

இதில் மட்டும் சலுகை காட்டாதீர்கள். அரளி எந்த நிறமானாலும் வேண்டாம். மஞ்சள் அரளிக் கொட்டை உயிரையே வாங்கும். ஊமத்தை, ஆமணக்கு, காட்டாமணக்கு, செங்காந்தள், எருக்கு ஆகியவையும் பிள்ளைகள் புழங்கும் இடத்தில் இருக்கக் கூடாது. காட்டாமணக்குக் கொட்டையைக் கடலை மாதிரி இருக்கிறதென்று பிள்ளைகள் கூட்டமாகத் தின்று ஆஸ்பத்திரிக்குப் போவது நம் ஊர்களில் அடிக்கடி நடப்பது. செங்காந்தள் நம் மாநில மலர் என்று ஆசையாக நட்டு வைப்பார்கள். அதன் கிழங்கு கடும் விஷம். பல்லாங்குழிக்கும் எண்ணிப் பழகவும் குன்றிமணி கொடுக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. பார்க்க அழகு, ஆனால் கடித்து மென்றுவிட்டால் ஒரு விதையே ஆபத்து. வேலியோரம் பார்த்தீனியம் இருந்தால் பூப்பதற்கு முன்பே, கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள்.

உங்கள் முருங்கையிலும் ஒரு சிக்கல் உண்டு. மழைக்காலத்தில் அடிமரத்தில் கம்பளிப்பூச்சிகள் கும்பலாக ஒட்டியிருக்கும். மேல் பட்டால் தடித்து அரிக்கும். அக்டோபர் முதல் தினமும் அடிமரத்தைப் பாருங்கள். இருந்தால் பிள்ளைகள் வருமுன் நீளக் கம்பில் கட்டிய துணியால் வழித்து அகற்றிவிடுங்கள். யார் மேலாவது பட்டுவிட்டால் தேய்க்காமல், ஒட்டும் டேப்பை அழுத்தி எடுத்தால் முடிகள் வந்துவிடும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவலாம்.

பிள்ளைகள் வருவதற்கு முன் பத்து நிமிடம் முற்றத்தைச் சுற்றிப் பார்ப்பது ஆயாவின் முதல் வேலையாகட்டும். மணலைக் கையால் அல்ல, வாரியால் கிளறிப் பார்க்க வேண்டும். கல்லையும் கட்டையையும் தூக்கும்போது அவருக்கு எதிர்ப்பக்க விளிம்பை முதலில் தூக்க வேண்டும், அப்போது அடியில் தேள் இருந்தாலும் அந்தப் பக்கமாகவே ஓடும். குளவிக்கூடு, நாய் அசிங்கம், கண்ணாடித் துண்டு, தூக்கி எறிந்த பிளேடு, இவ்வளவுதான் பட்டியல். விறகு, செங்கல் குவியல் முற்றத்தில் வேண்டாம். எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். பாம்பு கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்த மூன்று வரியைச் சுவரில் எழுதி வையுங்கள். பதற்றத்தில் யாருக்கும் ஞாபகம் வராது.

பெரியவர் என்ன செய்ய வேண்டும்

உங்கள் கேள்வியில் இது இல்லை. ஆனால் மணல்தொட்டி, சேறு எல்லாம் சரியாக அமைத்த பள்ளிகளும் சறுக்குவது இங்கேதான். பிள்ளை எதையாவது பார்த்துக்கொண்டிருக்கும்போது நாம் போய் "இது என்ன கலர்? எத்தனை இருக்கு, எண்ணு பாப்போம்" என்று கேட்டால் அவளுடைய பார்வை அங்கேயே அறுந்துவிடும். அது பாடம் நடத்தும் பழக்கம், கேட்காமல் இருப்பது முதலில் கஷ்டமாகத்தான் இருக்கும்.

ஒரு நல்ல உதாரணம் குழியானை. வீட்டு இறவாணத்தின் கீழோ, மழை படாத சுவரோரத்திலோ, மாவு போல் நைந்த புழுதியில் ரூபாய்க் காசு அகலத்துக்குக் கூம்புக் குழிகள் இருக்கும். அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சி, தாடை மட்டும் வெளியே தெரியக் காத்திருக்கும். எறும்பு ஒன்று விளிம்பில் கால் வைத்தால் புழுதி சரியும். எறும்பு ஏறப் பார்க்கும்போது அடியிலிருந்து மண்ணை விசிறி அடித்து மறுபடி சரியவைக்கும். ஒரு நாலு வயதுப் பிள்ளை இதைப் பார்க்க நேர்ந்தால் கால் மணி நேரம் நகராது. நீங்கள் செய்ய வேண்டியது பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, நீங்களும் பார்ப்பது. பிறகு ஒரே ஒரு வாக்கியம்: "எறும்பு ஏற ஏற மண்ணு சரியுதே." சொல்லிவிட்டு மனதுக்குள் பத்து எண்ணும் வரை பேசாமல் இருங்கள். பெரும்பாலும் பிள்ளையே பேசும்: "உள்ள ஒண்ணு இருக்கு மிஸ், அது தள்ளுது." "எங்க இருக்கு?" "அடில... மண்ணுக்குள்ள ஒளிஞ்சிருக்கு." இந்த இரண்டு வரியில் உள்ளே, அடியில், தள்ளுதல், ஒளிதல் எல்லாம் வந்துவிட்டது. அட்டையில் படம் காட்டி "மேலே, கீழே, உள்ளே, வெளியே" என்று சொல்லிக்கொடுப்பதற்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது.

மறுநாள் ஒரு கரண்டியால் குழியின் அடியோடு இரண்டு அங்குலம் மண்ணை அள்ளி, டீ வடிகட்டியில் மெல்லச் சலித்துத் தட்டில் விட்டால் பூச்சி தெரியும். பின்பக்கமாகவே நடக்கும், பிள்ளைகளும் உடனே பின்பக்கமாக நடந்து பார்ப்பார்கள். ஒரு பழைய சாப்பாட்டுத் தட்டில் இரண்டு அங்குலம் காய்ந்த புழுதி போட்டு அதில் விட்டு, அசையாத இடத்தில் வைத்தால் அநேகமாக அடுத்த நாள் குழி போட்டிருக்கும். ஈரமான மண்ணில் போடாது. குழி வரவில்லையென்றால் பெரும்பாலும் மண் ஈரம் அல்லது தட்டை யாரோ ஆட்டிவிட்டார்கள். இரண்டு நாள் பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே விடச் சொல்லுங்கள், அதுவும் பாடத்தில் சேர்ந்தது. வளர்ந்ததும் இது தட்டான் போன்ற இறக்கையுள்ள பூச்சியாகிப் பறக்கும் என்பதைப் பிள்ளைகள் கேட்கும்போது சொன்னால் போதும்.

ஆள் ஒதுக்கீட்டில் ஒரு விதி: ஒருவர் தண்ணீர், மரம் இருக்கும் பக்கம் நிலையாக, மற்றவர் சுற்றி வருபவர். இருவர் கையிலும் செல்போன் இருக்கக் கூடாது. முற்றத்தைத் தாண்டித் தெருவுக்கோ வாய்க்கால் பக்கமோ நடக்கப் போவதானால் ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர் வேண்டும், அதற்குப் பெற்றோரைக் கூப்பிடுங்கள். ஆள் வராவிட்டால் போக வேண்டாம்.

விதையும் பூச்சியும்

தோட்டம் போடும் பள்ளிகளில் நான்கில் மூன்று தவறு விதைத் தேர்விலேயே நடந்துவிடுகிறது என்று சொல்லத் தோன்றுகிறது. தக்காளி, கத்திரி மாதிரி நாற்றுவிட்டு மாதக்கணக்கில் காக்க வேண்டியதை மூன்று வயதுக்குக் கொடுத்தால் பிள்ளைக்கு அது வெறும் மண். பச்சைப்பயறு ஊறவைத்தால் ஒரே நாளில் முளை விடும், விதைத்தால் மூன்று நாலு நாளில் தலைநீட்டும். வெந்தயமும் அப்படித்தான், மூன்று வாரத்தில் கீரையாகப் பறித்துச் சமைக்கலாம். தட்டைப்பயறு, வெண்டை அடுத்தபடி. பாகல் தோல் கடினம், இரவு முழுக்க ஊறவைத்தாலும் தாமதமாகத்தான் வரும். அது ஐந்து வயதுக்காரர்களுக்கு. முருங்கைப் போத்து ஒன்றை நட்டு வைத்தால் ஒரு குச்சி தளிர்க்கும் அதிசயத்தையும் பார்க்கலாம்.

விதையை மளிகைக் கடையிலிருந்து வாங்குங்கள். விதைக் கடைப் பாக்கெட்டில் இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் ஏறியிருந்தால் அது பூஞ்சாணக் கொல்லி மருந்து. பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது.

முளைக்காமல் போக வழக்கமான காரணங்கள் மூன்று. பிள்ளைகள் விரலை முழுக்க இறக்கி ஆழத்தில் புதைத்துவிடுவார்கள். விதையின் பருமனைப் போல் இரண்டு மடங்கு ஆழம் போதும், விரலின் முதல் கணுவில் ஒரு கோடு போட்டுவிட்டு "இது வரைக்கும்தான்" என்று சொல்லுங்கள், வெந்தயத்தை மேலே தூவி மூடினாலே போதும். அடுத்தது, 18 பேரும் ஆளுக்கொரு சொம்பு தண்ணீர் ஊற்றி விதையை அழுகவைப்பார்கள். மூடியில் ஆணியால் துளையிட்ட சிறு பாட்டிலை மட்டும் கொடுங்கள். மூன்றாவது, தினமும் தோண்டிப் பார்ப்பார்கள். இதைத் தடுக்கவே முடியாது, தடுக்கவும் வேண்டாம். "பார்க்கும் தொட்டி" என்று ஒன்றைத் தனியாக ஒதுக்கி அதில் எப்போது வேண்டுமானாலும் தோண்டலாம் என்று விட்டுவிடுங்கள். கூடவே ஒரு கண்ணாடி டம்ளரில் ஈரத்துணியைச் சுற்றி, துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நாலு தட்டைப்பயறு சொருகினால் வேர் கீழே போவதும் தண்டு மேலே வருவதும் தெரியும்.

கறிவேப்பிலைச் செடி ஒன்று தொட்டியில் வையுங்கள். மருந்து அடிக்காத செடியாக இருந்தால் கருப்பு நிறப் பெரிய வண்ணத்துப்பூச்சி தேடி வந்து முட்டையிடும். புழு சின்னதாக இருக்கும்போது பறவை எச்சம் மாதிரி கருப்பும் வெள்ளையுமாக இருக்கும், பிறகு இலைப் பச்சைக்கு மாறும். வலை கட்டிய ஜாடியில் கிளையோடு வைத்துத் தினமும் புது இலை போட்டு, எச்சத்தைத் தட்டித் துடைத்து வந்தால் முட்டையிலிருந்து பூச்சி வர சுமார் ஒரு மாதம் ஆகும். கடையில் வாங்கிய கறிவேப்பிலை போட்டால் மருந்து வாடையிலேயே புழு செத்துவிடும். சில சமயம் கூட்டிலிருந்து வண்ணத்துப்பூச்சிக்குப் பதில் குட்டிக் குளவி வரும். புழுவுக்குள் குளவி முட்டையிட்டிருந்தது என்று அர்த்தம். பிள்ளைகளிடம் மறைக்காமல் அப்படியே சொல்லுங்கள், அவர்கள் நம்மைவிட நன்றாகத் தாங்குவார்கள்.

மரம் ஏறுதல்

முருங்கையில் யாரையும் ஏறவிடாதீர்கள், கிளை சொல்லாமல் முறியும். இடமிருந்தால் ஒரு கொய்யா வையுங்கள். தாழ்வாகக் கிளைக்கும், வைரமான மரம். வேம்பின் தாழ்ந்த கிளையும் ஆகும், முதலில் பெரியவர் தொங்கிப் பார்த்த பிறகு. விதி ஒன்றே: பிள்ளையைத் தூக்கி மேலே உட்காரவைக்கக் கூடாது. தானாக ஏற முடிந்த உயரத்திலிருந்து தானாக இறங்கவும் முடியும். நாம் தூக்கி வைத்தால் இறங்கத் தெரியாது. ஐந்தடிக்கு மேல் வேண்டாம், கீழே கல் இல்லாமல் ஒரு முழம் மணல் இருக்கட்டும். ஏறுவதற்கு முன் கழுத்துத் தாயத்துக் கயிறு, ஐடி கார்டு நாடா, துப்பட்டா எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கிளையில் மாட்டினால் கழுத்து இறுகும். "பாத்துடா, விழுந்துடுவ" என்று கத்துவதால் பிள்ளை திரும்பிப் பார்த்துக் கால் தவறும். "அடுத்த கால் எங்க வைக்கப் போற?" என்று பக்கத்தில் நின்று கேளுங்கள்.

பெற்றோர் கேட்பது

மண்ணில் விளையாடினால் சளி பிடிக்கும் என்பார்கள். சளி வைரஸால் வருவது, ஆளிடமிருந்து ஆளுக்கு ஒட்டுவது. மூடிய அறையில்தான் அதிகம் ஒட்டும். மண்ணிலிருந்து உண்மையில் வருவது குடற்புழு. அதைப் பெற்றோர் சொல்வதற்கு முன் நீங்களே சொல்லி, என்ன செய்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள்: வெளியிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் யாரும் டப்பாவைத் திறப்பதில்லை, வாரம் ஒருமுறை நகம் பார்க்கிறோம், நாய் புழங்கும் மண்ணில் செருப்போடுதான் நடக்கிறார்கள். அரசு ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், அங்கன்வாடியிலும் பள்ளியிலும் அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறது. 2 வயதுக்கு மேல் 400 மில்லிகிராம். உங்கள் பிள்ளைகள் யாரும் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உடுப்புக்கு, பழைய சட்டை, டிரவுசர் ஒரு செட் பையில் பெயர் எழுதிப் பள்ளியிலேயே இருக்கட்டும். வெளியே போகுமுன் மாற்றி, வந்ததும் மாற்றிவிட்டால் யூனிஃபார்ம் சுத்தமாக வீடு போகும். பாதிப் புகார் அதோடு நின்றுவிடும்.

எழுத்து பற்றி: பென்சிலைப் பிடித்து எழுத முதலில் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் பலப்பட வேண்டும். சேறு பிசைவது, தண்ணீர் வாளி தூக்குவது, கிளையில் தொங்குவது, நார் பிரிப்பது எல்லாம் அந்த வேலையைத்தான் செய்கின்றன. மூன்று வயதில் நாலு வரி நோட்டில் எழுதவைத்தால் பென்சிலை முஷ்டியாகப் பிடிக்கும் பழக்கம் ஏறிவிடும், பிறகு மாற்றுவது பாடு. ஈர மணலில் குச்சியால் கோடு இழுப்பதில் தொடங்குங்கள். ட, ப நேர்க்கோடுகளால் ஆனவை என்பதால் நாலரை, ஐந்து வயதில் அங்கேயே எளிதாக வரும். எண்ணுக்குப் புளியங்கொட்டை நல்லதுதான், ஆனால் மூக்கில் போட்டுக்கொள்ளும் வயது இது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்த வளையத்துக்குள் நுழையும் எதையும் நாலு வயதுக்குக் கீழ் தனியாகக் கொடுக்காதீர்கள். ஊறினால் உப்பும் பயறு வகைகள் இன்னும் மோசம். சின்னவர்களுக்கு மாங்கொட்டை, குரும்பை, பனங்கொட்டை. மூக்கில் போய்விட்டால் கிளறாமல் மருத்துவரிடம் போங்கள்.

வாயால் சொல்வதைவிட எழுதிக் காட்டுவது பெற்றோரிடம் எடுபடும். ஆளுக்கு ஒரு பக்கம் வைத்து, வாரம் ஒருமுறை பிள்ளை செய்ததையும் சொன்னதையும் அதே பேச்சு நடையில் இரண்டு வரி எழுதுங்கள். "நல்லா விளையாடினான்" என்று எழுதினால் பயனில்லை. "மூணு கொட்டாங்குச்சித் தண்ணி ஊத்தினா ஒரு சொம்பு நிறையுதுன்னு ரெண்டு தடவை ஊத்திப் பாத்துட்டுச் சொன்னான்" என்று எழுதினால் அது கணக்கு என்பது அப்பா அம்மாவுக்கே தெரியும். பெற்றோர் கூட்டத்தை முற்றத்திலேயே வைத்து, அவர்களையும் அரை மணி நேரம் களிமண்ணில் உட்காரவிடுங்கள்.

தொடங்க ஜூன் நல்ல மாதம். முதல் வாரம் மணல்தொட்டி மட்டும், அதுவும் கொட்டாங்குச்சியோடு மட்டும், முக்கால் மணி நேரம். இரண்டாம் வாரம் தண்ணீர், மூன்றில் சேறு, மெல்ல ஒன்றரை மணிக்கு நீட்டுங்கள். எல்லாவற்றையும் முதல் நாளே பரப்பினால் பிள்ளைகள் எதிலும் நிலைக்கமாட்டார்கள், ஆயாவும் மூன்றாம் நாளே அலுத்துவிடுவார். ஆடியில் விதை. அக்டோபரில் மழை பிடித்ததும் மண்புழு, மரவட்டை, நத்தை எல்லாம் தானாகவே வரும். தொட்டால் கை கழுவ வேண்டும், அவ்வளவுதான். தூறலில் நனையலாம். இடி கேட்டால் உடனே உள்ளே வந்து, கடைசி இடிச் சத்தத்துக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்துத்தான் மறுபடி முற்றத்துக்கு.